கண்ணாடி மேசையும் நள்ளிரவு டுர்ரும்

போன வாரம் சிங்கப்பூர் யீஷூன் காப்பிக் கடையில் நண்பர் கேட்டார்: "லினக்ஸ்ல எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வச்சு விளையாடுறீங்களே, அந்த அதிர்வை நிப்பாட்ட வழி இருக்கா? வாங்கலாமா, சொல்லுங்க லா." தே தாரிக் ஆறுவதற்குள் முடிகிற கதை இல்லை. அதனால் இங்கே.

இரண்டு வருடமாகக் கையில் இருக்கிறது. பிடிமானத்திலும் பட்டனிலும் ஒரு குறையும் இல்லை. புளூடூத்தில், எக்ஸ்பேட்நியோ டிரைவர் (கன்ட்ரோலரை லினக்ஸோடு பேசவைக்கும் மென்பொருள்) போட்டு ஓட்டுகிறேன். என் சண்டையெல்லாம் ஒரே ஒரு 'டுர்ர்' சத்தத்தோடுதான்.

மகள் தூங்கிய பிறகுதான் எனக்கு விளையாட்டு. நான்கறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். கன்ட்ரோலர் கண்ணாடி மேசைமேல் கிடக்கும். நடுப் பட்டனை அழுத்துவேன், விளக்கு மினுக்கும், புளூடூத் பிடித்ததும் டுர்ர்ர்... அப்படியே நகர்ந்துபோய்க் காப்பிக் கரண்டியை வேறு தட்டும். உள்ளேயிருந்து அம்மா: "தம்பி, போன் அடிக்குது பாரு." ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கினார். மூன்று மாதமும் இதே வசனம்.

விளையாட்டில் அதிர்வை அணைத்தேன். விளையாட்டுகளை வாங்கி ஓட்டும் ஸ்டீம் செயலியிலும் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் அணைத்தேன். விளையாடும்போது கை அமைதி. இணைக்கும்போது மட்டும் டுர்ர். ஸ்டீமைத் திறக்காமலே வருகிறதே, இது அதன் வேலை இல்லை என்று அன்றே உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது.

டிரைவரின் குறிப்பைப் படித்தேன். 'ரம்பிள் அட்டெனுவேஷன்' (அதிர்வை அடக்குவது) என்று ஓர் அமைப்பு. அதிர்வு வேண்டாம், எனவே 0. கணினியை மறுபடி இயக்கி, பெருமையோடு பட்டனை அழுத்தினேன். டுர்ர். "தம்பி, போன்." அது எவ்வளவு அடக்கவேண்டும் என்ற கணக்காம், 0 என்றால் அடக்கவே வேண்டாம், 100 என்றால் முழு மௌனம். நான் பொறியியல் படித்தவன் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

உண்மையான மருந்து இரண்டு பத்தி தள்ளி இருந்தது: 'எஃப்எஃப் கனெக்ட் நோட்டிஃபை', அதாவது இணைந்ததை அதிர்ந்து அறிவிப்பது. இணைந்ததும் மோட்டாரைச் சுற்றவிட்டு 'வந்துட்டேன்' என்று சொல்லவைப்பது டிரைவர்தான். நாம் எதையும் தொடாவிட்டால் அது 1. டிரைவர் அமைப்புகளை எழுதிவைக்கும் மோட்புரோப் டாட் டி அடைவிலுள்ள எக்ஸ்பேட்நியோ கோப்பில் ஒரே வரி சேர்த்து அதை 0 ஆக்கினேன். இங்கே 0 என்றால் நிஜமாகவே 0. எந்த விளையாட்டிலும் அதிர்வே வேண்டாம் என்பவர்கள் அந்த ரம்பிள் அட்டெனுவேஷனை 100 ஆக்கிக்கொள்ளலாம். கேபிளில் செருகினால் லினக்ஸின் கெர்னலோடு (அதன் மையப் பகுதியோடு) வரும் எக்ஸ்பேட் என்ற வேறொரு டிரைவர் வேலை செய்யும். அதில் அதிர்வுக்கென்று இப்படி ஒரு அமைப்பு இல்லை, விளையாட்டிலோ ஸ்டீமிலோதான் அணைக்கவேண்டும்.

நியாயமாக இதையும் சொல்லவேண்டும். லினக்ஸின் அதிர்வுக் கட்டளையில் பெரிய மோட்டார், சின்ன மோட்டார் என்று இரண்டுக்குத்தான் இடம். இந்தக் கன்ட்ரோலரிலோ விரல் அழுத்தும் ட்ரிகர்களிலும் ஆளுக்கொரு மோட்டார். நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்று பார்த்து எக்ஸ்பேட்நியோ அவற்றையும் ஓட்டுகிறது. ஒருநாள் ஸ்டீமில் அதிர்வை மறுபடி போட்டுக் கார் ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதிக்கமிதிக்க ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஒரு நடுக்கம். அப்புறம் அணைக்க மனசே வரவில்லை. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, தீரட்டும்.

டுர்ரை நிறுத்தியதில் ஒரு நஷ்டமும் உண்டு. இணைந்ததா இல்லையா என்று இப்போது திரையைப் பார்த்தால்தான் தெரிகிறது.

நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். ஒரு சத்தத்தை நிறுத்த ஒரு மாதம் செலவழிக்க உங்களுக்கென்ன தலையெழுத்தா? நானா? விலை இறங்கியதும் இரண்டாவதும் வாங்கிவிட்டேன், மகளுக்கு என்று சொல்லி. அவளுக்கு வயது இரண்டு.