தடை தாண்டும்போது கை எங்கே: பிடரியிலா, வாயோடா?

நன்றாகக் குதிக்கும் குதிரை தடைக்கு மேலே கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டும், முதுகை வில்லாக வளைக்கும், முன்கால்கள் இரண்டையும் சமமாக மடித்து முழங்காலை உயர்த்தும். கழுத்து நீள இடமில்லை என்றால் முதுகு குழிந்துவிடும், கால் தொங்கும். அந்த இடத்தைக் கொடுப்பது கடிவாளம் பிடித்த நம் கை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தடைக்கு மேலே பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதே வழக்கம். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி (1868–1907) அதைத் தலைகீழாக்கினார். குதிரையைத் தன் போக்கில் குதிக்கவிட்டு, நாம் முன்னால் குனிந்து கூடவே போக வேண்டும் என்றார். குதிரை கழுத்தை நீட்டக் கையை விட்டுக்கொடுப்பதை ‘ரிலீஸ்’ என்பார்கள்; அதற்கு இன்றுள்ள முக்கியமான இரண்டு முறைகளும் அவர் வழி வந்தவைதான்.

முதலாவது, பயிற்சியாளர் ஜார்ஜ் மோரிஸ் அமெரிக்காவில் பரப்பிய க்ரெஸ்ட் ரிலீஸ். கையைப் பிடரி மேல் நகர்த்தி அங்கேயே ஊன்றிக்கொள்வது. கற்பதும் எளிது, குதிரையின் வாயும் இழுபடாமல் தப்பிக்கும்.

இரண்டாவது ஆட்டோமேட்டிக் ரிலீஸ். கை கழுத்தைத் தொடாது. முழங்கையிலிருந்து கடிவாள இரும்பு வரை ஒரே நேர்க்கோடு, குதிரையின் வாய் போகும் திசையில் கையும் போகும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குதிரைத் தடைதாண்டலில் தனிநபர் தங்கம் வென்ற வில்லியம் ஸ்டைன்க்ராஸை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நான் மாறியது இதற்குத்தான். காற்றிலேயே தொடர்பு அறுபடாமல் இருப்பதால், இறங்கியதும் கடிவாளத்தைத் தேடிச் சுருட்ட வேண்டியதில்லை. அடுத்த திருப்பத்துக்குக் குதிரை தயாராகவே இறங்குகிறது.

ஆனால் இதைத் தேர்ந்தெடுக்கலாமா என்பதைக் கை முடிவு செய்வதில்லை, முழங்காலுக்குக் கீழே உள்ள கால்தான் முடிவு செய்கிறது. அது வயிற்றுவார் அருகிலேயே, குதிகால் இறங்கி, அசையாமல் இருக்க வேண்டும். பின்னால் வழுக்கினால் உடல் முன்னால் விழும். பிடரியில் ஊன்றிய கை அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஊன்றாத கையோ நேரே வாயில் தொங்கும்; இரண்டு முறை வாய் வலித்த குதிரை மூன்றாவது தடையில் தலையைத் தூக்கிக்கொண்டு குதிக்கும். க்ரெஸ்ட் ரிலீஸின் குறையும் இதிலேயே இருக்கிறது: தளர்ந்த காலை அது ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கும்.

சோதிப்பது சுலபம். அங்கவடி வாரை இரண்டு மூன்று துளை குட்டையாக்கி, இருக்கையை விட்டு எழுந்த நிலையில், கழுத்தைத் தொடாமல் கேன்டரில் (மிதமான பாய்ச்சலில்) வட்டம் சுற்றிப் பாருங்கள். பிறகு, கடிவாளத்தை முடிச்சிட்டுவிட்டு, வரிசையாக வைத்த தாழ்வான தடைகளைக் கைகளை விரித்தபடி தாண்டுங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும். கால் நகரவில்லை என்றால் மாறலாம்.

நான் பழகியது ஒரு மீட்டருக்கு உட்பட்ட தடைகளில். அதற்கு மேலே போகிறவர்கள் அந்த உயரத்தில் குதித்தவரிடம் கேட்பதே நல்லது. இளங்குதிரையிலும் புதுக்குதிரையிலும் நானும் இன்னமும் பிடரி மயிரைத்தான் பற்றிக்கொள்கிறேன். அது எப்படி எம்பும் என்று தெரியாத வரை அதன் வாய்க்கு அதுவே பாதுகாப்பு.