ஃப்ளான் ரெசிபில மேரிய குளிக்க வச்ச ஆப் – 2/5

ரெசிபி மொழிபெயர்க்குற ஆப் ஒண்ணு (பேரு வேணாம் விடுங்க) காசு கட்டி வாங்கினேன், ஸ்பானிஷ் ஃப்ளான் (முட்டை, பால் போட்டு செய்ற கேரமல் புட்டிங்) ரெசிபிய இங்கிலீஷ்ல படிக்கலாம்னு. அளவெல்லாம் கரெக்ட்டா வந்துச்சு, ஆனா 'பான்யோ மரீயா'ன்னு இருந்த இடத்துல 'மேரிஸ் பாத்'னு போட்டுச்சு பாருங்க, சிரிப்ப அடக்க முடியல. மேரி எதுக்குங்க என் ஓவனுக்குள்ள குளிக்கணும்?

விஷயம் என்னன்னா, சுடுதண்ணி ஊத்துன ட்ரேல ஃப்ளான் கிண்ணத்த பாதி முங்குற மாதிரி வச்சு ஓவன்ல விடணும், தண்ணி 100 டிகிரிய தாண்டாதுல்ல, அதனால முட்டை திரியாம மெதுவா செட் ஆகும். இங்கிலீஷ்ல இதுக்கு 'வாட்டர் பாத்'ம்பாங்க, இல்லாட்டி ஃப்ரெஞ்சுல இருந்து அப்படியே எடுத்துக்கிட்ட 'பேன் மரீ'. (அந்த மரீயா பழங்காலத்து ரசவாதி ஒருத்தங்களாம்.)

திரும்ப தட்டினா 'டபுள் பாய்லர்'னு வருது. இதுதான் டேஞ்சர், சிரிப்பு வராது, நம்பித் தொலைச்சிடுவோம். அதுல மேல் பாத்திரம் தண்ணியவே தொடாது, ஆவிலதான் சூடாகும். ஸ்பானிஷ்ல சாக்லேட் உருக்குறதுக்கும் இதே 'பான்யோ மரீயா'ங்குற பேருதான், அதனால எது எங்கன்னு பாத்து போடணும், அந்த அறிவு ஆப்புக்கு இல்ல. கிராம் கணக்குக்காக மட்டும் ரெண்டு ஸ்டார்.