10 வருட சப்போர்ட் என்று சொல்லி லினக்ஸ் போர்டு விற்கிறார்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் சின்ன அளவில் எலக்ட்ரானிக்ஸ் தொழில் செய்கிறோம். நூற்பாலைகளில் ரிங் ஃபிரேம் மெஷினோடு இணைத்து, உற்பத்தி, மெஷின் நின்ற நேரம், இழை அறுந்த கணக்கு எல்லாவற்றையும் சர்வருக்கு அனுப்பும் பெட்டிதான் எங்கள் முக்கியச் சரக்கு. அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டர் போர்டை நாங்கள் செய்வதில்லை. லினக்ஸ் ஏற்றித் தயாராகக் கொடுப்பவர்களிடம் வாங்குகிறோம். பம்ப் கன்ட்ரோலர், கம்ப்ரசர் மானிட்டர், எடை மெஷின் என்று இந்த ஊரில் எத்தனையோ பேர் இதே வழியில்தான் பிழைக்கிறார்கள். அவர்கள் யாரும் எங்களைப் போல மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. சப்ளையர் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே விதம் வேறு பெயரிலும் வரும்.

2019இல் எங்களிடம் வந்த மாதிரி போர்டு நன்றாகவே இருந்தது. லினக்ஸ் கெர்னல், அதாவது ஹார்டுவேரை இயக்கும் மையப் பகுதி, 4.14 பதிப்பு ஓடியது. அப்போது நீண்டகால ஆதரவு (பிழை, பாதுகாப்புத் திருத்தங்கள்) இருந்த பதிப்பு அது. எங்கள் சாஃப்ட்வேரை ஏற்றி, ஆர்எஸ்-485 என்ற சீரியல் இணைப்பு வழியாக மெஷினோடு பேசவிட்டு, எல்லாம் சரி என்று பார்த்த பிறகுதான் ஆர்டர் போட்டோம். கொட்டேஷனில் "10 ஆண்டு ஆதரவு" என்று தடித்த எழுத்தில் இருந்தது.

சப்ளை வந்தபோது உள்ளே இருந்தது 3.10 கெர்னல். 2013இல் வெளியானது. அதற்கான பராமரிப்பு 2017 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அதாவது, ஆதரவு நின்றுபோன ஒன்றை 10 ஆண்டு ஆதரவு என்று எழுதி விற்றிருக்கிறார்கள். கேட்டதற்கு, "சார், புரொடக்‌ஷனுக்கு இதுதான் ஸ்டேபிள் இமேஜ். 4.14 டெஸ்டிங்ல இருக்கு, அப்டேட்டா வந்துடும்" என்று மெயிலிலேயே பதில் வந்தது (இமேஜ் என்றால் போர்டில் எழுதும் மொத்த சாஃப்ட்வேர் தொகுப்பு). அந்த அப்டேட் கடைசிவரை வரவே இல்லை.

இது ஏன் நடக்கிறது என்பது தெரிந்திருப்பது நல்லது. சிப் தயாரிப்பவர் சிப்பை வெளியிடும்போது ஏதோ ஒரு கெர்னலை எடுத்து, அதில் தன் டிரைவர்களை (சிப்பின் பாகங்களை இயக்கும் புரோகிராம்களை) ஒட்டவைத்து, போர்டு செய்பவருக்குக் கொடுக்கிறார். அந்த டிரைவர்கள் பொதுவான லினக்ஸ் கெர்னலுக்குள் போய்ச் சேரவில்லை என்றால், அந்த போர்டு அந்தப் பழைய கெர்னலிலேயே சிறைப்பட்டுவிடும். மாதிரி போர்டில் 4.14 ஓடியது உண்மைதான். அதில் நெட்வொர்க்கும் சீரியல் போர்ட்டும் வேலை செய்தால் போதும், வாங்குகிறவர் திருப்தியாகிவிடுவார். டிஸ்பிளே, வாட்ச்டாக் (போர்டு உறைந்துபோனால் தானாக ரீஸ்டார்ட் செய்வது) என்று மற்ற எல்லாம் 3.10இல்தான் ஓடும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

இரண்டு வருடம் பெரிய தொந்தரவு இல்லாமல் ஓடியது. 2021 செப்டம்பர் 30 அன்றுதான் விஷயம் வெளியே வந்தது.

அன்று நைட் ஷிஃப்ட்டில் ஒரு மில்லிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். "ஏனுங்க, ஆறாம் நம்பர் ஃபிரேம் ஓடிட்டுத்தான் இருக்குது. உங்க ஸ்கிரீன்ல மட்டும் நின்னுருச்சுங்களே?" அடுத்து இன்னொரு மில். எங்கள் சர்வர் பக்கம் பார்த்தால் சில பெட்டிகள் ஒழுங்காகத் தகவல் அனுப்புகின்றன, சில அடியோடு மௌனம். ஒரே மில்லில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் ஒன்று வருகிறது, ஒன்று வரவில்லை. நெட்வொர்க் கேபிள், சுவிட்ச் என்று எங்கள் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் ஒரு ஒற்றுமை பிடிபட்டது: கரண்ட் போய் வந்த பெட்டிகள் மட்டும் திரும்பி வரவில்லை. ஏற்கெனவே இணைப்பில் இருந்தவை அப்படியே இருந்தன. புதிதாக இணைப்பு தொடங்கிய பெட்டிகள்தான் வாசலிலேயே நின்றுபோயின.

காரணம் சான்றிதழ், அதாவது இணைப்பு தொடங்கும்போது சர்வர் தான் யாரென்று பெட்டிக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி. எங்கள் சர்வரில் இருந்தது லெட்ஸ் என்கிரிப்ட் கொடுத்த இலவசச் சான்றிதழ். அது நம்பியிருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற பழைய ரூட் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களுக்கு மூலமாக சாதனத்துக்குள் இருப்பது) அன்று நம் நேரப்படி இரவு 7.31க்குக் காலாவதியானது. புது ரூட் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால் அப்டேட் ஆகிவந்த சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாதிப்பே இல்லை. எங்கள் பெட்டியில் அந்தப் புது ரூட்டே இல்லை. அதோடு, சான்றிதழைச் சரிபார்க்க உள்ளே இருந்த சாஃப்ட்வேர் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2. புது ரூட்டைச் சேர்த்தாலும்கூட, அந்தப் பதிப்பு சர்வர் அனுப்பும் சான்றிதழ்ச் சங்கிலியைக் கடைசிக் கண்ணி வரை பின்தொடர்ந்து, காலாவதியான பழைய ரூட்டில் போய் முட்டி நின்றுவிடும். 1.0.2க்கான இலவச ஆதரவு 2019 முடிவோடு நின்றுவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை, தீர்வும் இணையத்தில் இருந்தது. ஆனால் அந்தத் தீர்வைப் பெட்டிக்குள் கொண்டுபோக வழியில்லை.

அந்த போர்டுக்கு அப்டேட் செய்யும் ஒரே வழி: பெட்டியைத் திறந்து, உள்ளே ஒரு குட்டி பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, யூஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் மாட்டி, விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு கருவியால் மொத்த இமேஜையும் புதிதாக எழுதுவது. பஞ்சுத் தூசி பறக்கும் ஷெட்டில், ஓடுகிற மெஷினுக்கு மேலே மாட்டிய பெட்டிக்கு இதைச் செய்ய வேண்டும். தூரத்திலிருந்து அப்டேட் செய்யும் வசதி "அடுத்த ரிலீஸில்" என்று சப்ளையர் சொல்லிவந்ததும் அப்படியே நின்றது. கடைசியில், பழைய ரூட் பட்டியலில் இருக்கும் வேறொரு நிறுவனத்தின் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கி சர்வரில் போட்டுத்தான் பெட்டிகளைத் திரும்ப வரவைத்தோம்.

சரி, இனி சப்ளையரை நம்ப வேண்டாம், நாமே இமேஜ் கட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்து கெர்னலின் சோர்ஸ் கோட் (புரோகிராமர் எழுதிய மூல நிரல்) கேட்டோம். எனக்கு இன்றும் கோபம் தணியாத இடம் இதுதான். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருவது. பைனரியை (ஓடத் தயாரான வடிவத்தை) கொடுப்பவர் கூடவே சோர்ஸையும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 3 ஆண்டு செல்லுபடியாகும்படி, கேட்டால் தருகிறோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். இவர்கள் முதலில் சிப் கம்பெனியோடு ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது, தர முடியாது என்றார்கள். உரிமத்தின் வாசகத்தை எடுத்து அனுப்பிய பிறகு ஒரு ஜிப் ஃபைல் வந்தது. அதிலிருந்து பில்ட் செய்த கெர்னல் எங்கள் போர்டில் பூட் ஆகவில்லை. எங்கள் போர்டுக்கான டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன பாகம் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் ஃபைல்) சோர்ஸ் அதில் இல்லை, ஈதர்நெட் டிரைவரில் அவர்கள் செய்த மாற்றமும் இல்லை. "அந்த இன்ஜினியர் வேலையை விட்டுப் போய்ட்டார் சார், அந்த மாடலும் நிறுத்தியாச்சு. புது மாடல் எடுங்க" என்றார்கள். 10 ஆண்டு ஆதரவு என்ன ஆயிற்று என்று கேட்டால், அது சிப் கிடைப்பதற்கான உத்தரவாதம் மட்டுமாம், சாஃப்ட்வேருக்கு அல்ல!

இதோடும் முடியவில்லை. ஒரு மில்லின் ஐடி ஆட்கள் தங்கள் நெட்வொர்க்கைச் சோதித்தபோது எங்கள் பெட்டியில் டெல்நெட் (தூரத்திலிருந்து உள்ளே நுழையும் பழைய, பாதுகாப்பில்லாத வழி) திறந்திருப்பதைக் காட்டினார்கள். பயனர் பெயர் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு), பாஸ்வேர்டு சப்ளையர் வைத்தது. அவர்கள் வேறு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த போர்டுகளிலும் அதே பாஸ்வேர்டுதான். 2016இல் மிராய் என்ற வைரஸ் கேமராக்களையும் ரவுட்டர்களையும் இதே மாதிரி தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டுகளைக் கொண்டுதான் கைப்பற்றியது. அதற்குப் பிறகும் இப்படிச் சரக்கு அனுப்புகிறவர்களை என்னவென்று சொல்வது? நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது மில்காரர்களிடம். அவர்களுக்கு சப்ளையர் யாரென்றே தெரியாது.

இப்போது வேறு போர்டுக்கு மாறிவிட்டோம். விலை கூடுதல்தான். ஆனால் அதன் டிவைஸ் ட்ரீ பொதுவான லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் கெர்னலை மாற்ற யார் காலிலும் விழ வேண்டியதில்லை. கெர்னல் 5.10. சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்பார்ம் என்ற கூட்டுத் திட்டம் இதைச் சுமார் 10 ஆண்டு பராமரிக்கிறது. ஆலை, மின்நிலையம் மாதிரி இடங்களுக்கென்றே நடத்துகிறார்கள், உங்கள் சாதனம் நீண்டநாள் ஓட வேண்டுமென்றால் அதைப் பாருங்கள். மற்ற சாஃப்ட்வேரை யோக்டோ என்ற லினக்ஸ் கட்டும் கருவியின் கிர்க்ஸ்டோன் பதிப்பில் நாங்களே கட்டுகிறோம். சேமிப்பகத்தில் சிஸ்டத்துக்கு இரண்டு பிரதி வைத்து, ஒன்று ஓடும்போது மற்றொன்றில் அப்டேட் எழுதுகிறோம். புதியது பூட் ஆகவில்லை என்றால் பழையதற்கே தானாகத் திரும்பிவிடும். இதற்கு ரவுக் (RAUC) என்ற இலவசக் கருவி இருக்கிறது. போர்டு வாங்கும் முன்பே, அப்டேட் பாதியில் ஓடும்போது கரண்டைப் பிடுங்கிப் பாருங்கள். அதில் செத்துப்போகிற போர்டு மில்லில் ஒரு மாதம் தாங்காது.

பர்ச்சேஸ் ஆர்டரில் இப்போது நாங்கள் சேர்க்கும் வாசகத்தைக் கீழே கொடுக்கிறேன் (அதில் வரும் பூட்லோடர் என்பது கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் சிறு புரோகிராம்). இதற்குக் கையெழுத்துப் போட மறுத்த சப்ளையர்களும் உண்டு, அவர்களிடம் நாங்கள் வாங்கவில்லை. வேண்டியவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"அனுப்பும் ஒவ்வொரு லாட்டிலும் உள்ள பூட்லோடர், கெர்னல் ஆகியவற்றின் பதிப்பு எண் மாதிரி போர்டில் இருந்ததாகவே இருக்க வேண்டும். இரண்டின் சோர்ஸ் கோடும், டிவைஸ் ட்ரீயும், பில்ட் செய்யும் முறையும் சரக்கோடு வர வேண்டும். அதைக் கொண்டு வாங்குபவரின் கம்ப்யூட்டரில் கட்டிய இமேஜ் போர்டில் பூட் ஆகி, எல்லாப் போர்ட்டுகளும் வேலை செய்த பிறகே மீதித் தொகை தரப்படும். மெமரி சிப் உட்பட எந்தப் பாகத்தை மாற்றினாலும் 90 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்."