மிச்சமிருக்கும் கருக்களை யாருக்காவது கொடுக்கலாமா? சென்னையில் விசாரித்த அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போனபோது பேங்க், பத்திரம் என்று வழக்கமான அலைச்சலோடு கருத்தரிப்பு மையத்திலும் ஒரு வேலை இருந்தது. லண்டனுக்கு வருவதற்கு முன்னால் சென்னையில் ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) செய்துதான் எங்கள் மகள் பிறந்தாள். அப்போது உருவான கருக்களில் மீதி அங்கேயே திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைந்து கிடக்கின்றன. இன்னொரு குழந்தை வேண்டாம் என்று எங்களுக்கு முடிவாகிவிட்டது. அழிக்கவும் மனசு வரவில்லை. குழந்தைக்காக ஏங்கும் தம்பதி யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று கேட்கத்தான் போனோம்.

முன் மேசைச் சேவை படுமோசம். வருடாந்திரக் கட்டணம் பற்றிய மெசேஜ் எல்லாம் நாங்கள் எப்போதோ விட்டுவிட்ட இந்திய நம்பருக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. லண்டன் நம்பரைச் சேர்க்கச் சொன்னால், "சிஸ்டம் பத்து இலக்கம்தான் எடுக்கும் மேடம்" என்கிறார்கள். தானம் என்றதும் அந்தப் பெண் கருமுட்டை தானம் என்று நினைத்துக்கொண்டு என் வயதைக் கேட்டார், கேட்டுவிட்டு, "35க்கு மேல எடுக்க மாட்டாங்க மேடம்" என்று ஆறுதலும் சொன்னார்!

உள்ளே போனால் நிலைமை வேறு. எம்ப்ரியாலஜிஸ்ட், அதாவது ஆய்வகத்தில் கருக்களைக் கவனித்துக்கொள்ளும் நிபுணர், பதிவேட்டைத் திறந்து எங்கள் பக்கத்தை எடுத்து, எந்தத் தொட்டி, எந்தக் குழல், எந்தத் தேதியில் உறைய வைத்தது, ஐந்து நாள் வளர்ந்த கருவா என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். சின்னக் குழல் ஒவ்வொன்றின் லேபிளிலும் இரண்டு பேர் பெயரும் இருக்கும் என்றார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தானம் பற்றிக் கவுன்சலர் சொன்ன பதில்தான் நாங்கள் எதிர்பார்க்காதது: முடியாது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2005 வழிகாட்டுதலில், தம்பதியின் சம்மதம் இருந்தால் உறைந்த கருவை வேறு தம்பதிக்குக் கொடுக்கலாம் என்று இருந்தது. இப்போது இருப்பது 2021இல் இயற்றி 2022 ஜனவரி 25 முதல் நடப்புக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். அதன் 29ஆம் பிரிவு, கருமுட்டை, விந்தணு, கரு எதையும் யாருக்கும் விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது என்கிறது. விதிவிலக்கு, இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள தேசிய வாரியத்தின் அனுமதியோடு தங்கள் சொந்தக் கருவைத் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக எடுத்துச் செல்வது மட்டும். சேமிப்புக்கு உச்ச வரம்பு பத்து வருடம். அப்புறம் அழிய விட வேண்டும், அல்லது சம்மதம் கொடுத்தால் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகும்.

காசுக்குக் கரு கைமாறுவதைத் தடுக்கத்தான் இந்தக் கெடுபிடி என்பது புரிகிறது, அது தேவையும்கூட. ஆனால் கணவன், மனைவி இருவரிடமும் பிரச்சினை இருக்கும் தம்பதிக்கு இப்போது என்ன செய்கிறார்கள் என்றால், ஒரு பெண்ணிடமிருந்து கருமுட்டையும் வேறொருவரிடமிருந்து விந்தணுவும், சட்டம் இதற்கென்று தனியாக அனுமதிக்கும் கருமுட்டை, விந்தணு வங்கி மூலம் பெற்றுப் புதிதாகக் கரு உண்டாக்குகிறார்கள். அதற்காக அந்தப் பெண் நாள் கணக்கில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்து முட்டையை எடுக்க வேண்டும், அதுவும் சட்டப்படி வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் கூடாது. இவ்வளவும் செய்யலாம், ஏற்கெனவே தொட்டியில் இருக்கிற கருவை இலவசமாகக் கொடுக்கக் கூடாதாம். இது என்ன நியாயம் என்று கேட்டேன், கவுன்சலர் சிரித்துவிட்டு, "எங்களுக்கும் வருத்தம்தான், ஆனா லைசென்ஸ் போயிடும்" என்றார். உறைய வைத்த கருவிலிருந்து 1978லேயே கல்கத்தாவில் குழந்தை பிறக்கச் செய்த டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் நாடு இது. அவரை உயிரோடு இருந்தவரை யாரும் நம்பவில்லை என்பது தனிக் கதை.

பிரிட்டனில் இந்தத் தானம் உண்டு. தானம் செய்பவர்களுக்கு ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் போன்ற பரிசோதனைகள் உண்டு, கவுன்சலிங் உண்டு, பிறக்கும் குழந்தை 18 வயதில் கொடுத்தவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தக் கடைசி விஷயத்தில் என் கணவருக்குத் தயக்கம், எனக்கு இல்லை, அது வீட்டில் இன்னும் ஓடும் பேச்சு. அப்படியானால் கருக்களை லண்டனுக்கு எடுத்துப் போய் அங்கே கொடுக்கலாமே என்றும் கேட்டோம். வாரிய அனுமதியே சொந்தப் பயன்பாட்டுக்குத்தானே, வேறொருவருக்குக் கொடுக்க என்று எழுதினால் கிடைக்காது என்றார் கவுன்சலர்.

இப்போதைக்குச் சேமிப்பைப் புதுப்பித்துவிட்டு வந்தோம். இதே நிலையில் இருப்பவர்கள் போனால் இருவரும் சேர்ந்தே போங்கள், ஒருவர் கையெழுத்தை மட்டும் வைத்து எந்தப் படிவத்தையும் நகர்த்த மாட்டார்கள். பத்து வருடம் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, அதைக் கணினியில் ஏற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். எங்களுக்கு அதற்கே ஒரு மத்தியானம் ஆனது.