840 டாலர் போச்சு: பழைய கேசினோ சிப் மொத்தமா வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

இன்னும் கோபம் ஆறல. சிப் (சூதாட்ட மேசைல காசுக்குப் பதிலா வைக்கிற டோக்கன்) பெட்டி வந்து ஒன்பது நாள் ஆச்சு, வித்தவன் என்னை பிளாக் பண்ணி ரெண்டு நாள் ஆச்சு. இன்னிக்குக் காலைல பார்த்தா அதே படம், அதே வாசகத்தோட மறுபடி விளம்பரம் போட்டிருக்கான். அடுத்து எவன் தலைல கட்டப் போறானோ. எப்படிச் சோதிச்சு வாங்கணும்னு கடைசில விவரமா எழுதறேன், முதல்ல நடந்ததைக் கொட்டிடறேன்.

பழைய சாமான்களைத் தனி ஆளுங்க போட்டு விக்கிற விளம்பரத் தளம் ஒண்ணு. "மூடிப்போன நெவாடா கேசினோவோட சிப், 10 ரேக், மொத்தமா 840 டாலர்." நெவாடான்னா அமெரிக்காவுல லாஸ் வேகாஸ் இருக்கிற மாநிலம். ரேக்னா சிப் அடுக்கற தட்டு, அதுல ஒரு வரிசைக்குப் பேரல்னு பேரு. ஒரு பேரலுக்கு 20, அஞ்சு பேரல் ஒரு ரேக், ஆக 1,000 சிப். படத்துல முன்னாடி பத்துப் பன்னெண்டு சிப் சிதறிக் கிடக்கு, ஓரத்தைச் சுத்தித் தொப்பியும் கைத்தடியுமா, கேசினோக்களுக்கு சிப் செய்யற பால்சன் கம்பெனியோட அச்சு பளிச்சுனு தெரியுது. பின்னாடி ரேக்ல அடுக்கின மிச்ச சிப். ரேக்ல அடுக்கினா விளிம்பு நிறம் மட்டும்தானே தெரியும், முகம் தெரியாதே? அது அப்ப எனக்கு உறைக்கல.

இது எனக்கு ஏழெட்டு வருஷப் பைத்தியம். அழுக்கு மூட்டையா வாங்கி, கேசினோ வாரியா, மதிப்பு வாரியாப் பிரிச்சு, மெத்துனு இருக்கிற பிரஷ்ஷால தேய்ச்சு, மினரல் ஆயில் தடவித் துடைச்சா செத்துப்போன சிவப்பும் பச்சையும் உயிர் வந்து நிக்கும். 500 சிப் செட்டாக் கட்டி வித்திடுவேன், அந்தக் காசு அடுத்த மூட்டைக்கு. இதுவரைக்கும் கை கடிச்சதில்ல.

நான் விழுந்தது விலைக்காக இல்ல, அவன் பேச்சுக்கு. எப்படிச் சுத்தம் பண்ணுவீங்கன்னு அவனே கேட்டான். "வெந்நீர்ல ஊறப் போட்டுடாதீங்க, நடு லேபிள் கொப்புளிச்சிடும். அசிட்டோன் பக்கமே போகாதீங்க. எண்ணெய் ஒரு துளி போதும்"னு எனக்கே பாடம் எடுத்தான். சிப் மேல இவ்வளவு பாசம் வச்சிருக்கிறவன் ஏமாத்துவானான்னு நெனச்சுட்டேன். ஒரு வீடியோ வேற. ஒரு சிப் மேல இன்னொண்ணைப் போடறான், களிமண் கலவை சிப்புக்கே உரிய அந்த அடங்கின 'டொக்'. அந்த ரெண்டு சிப்பும் நிஜம்தான், அதுல பொய்யே இல்ல! அப்புறம்தான், "பொருளுக்குன்னு அனுப்பினா கமிஷன் பிடிப்பாங்க, நண்பருக்கு அனுப்பற மாதிரி அனுப்பிடுங்க, பார்சல் செலவு என்னோடது"ன்னான். 840 டாலர். அனுப்பறதுக்கு மூணு விநாடி கூட ஆகல.

பெட்டியைப் பிரிச்சேன். முதல் ரேக் பரவாயில்ல. ரெண்டாவது ரேக்ல கையை வச்சதுமே விரலுக்குத் தெரிஞ்சு போச்சு, வழவழன்னு இருந்துச்சு. சமையலறைத் தராசை எடுத்து வச்சேன். முதல் ரேக் சிப் 9.4 கிராம், இது 13.5. ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டு போனா டக்குனு தாவி ஒட்டுது. பிளாஸ்டிக் நடுவுல கனத்துக்காக இரும்பு வில்லை. லேபிள் ஓரத்துல நகத்தைக் கொடுத்தேன், புதுத் தட்டுல ஒட்டின விலைச் சீட்டு மாதிரி உரிஞ்சு வந்துச்சு. நிஜ சிப்ல லேபிள் அச்சோட சேர்த்து அழுத்தினது, நகத்துக்கு வழியே கிடைக்காது. ஓரத்துல தொப்பியும் இல்ல, கைத்தடியும் இல்ல, கடையில செட்டா விக்கிற மலிவு சிப்ல வர்ற தாயக்கட்டை அச்சு.

ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். ஆயிரத்துல நிஜம் 187. அதுலயும் 64 சிப்ல விளிம்புல வெட்டு, அதாவது கேசினோவே ரத்து பண்ணினது. மீதியில பாதிக்கு மேல லேபிள் கொப்புளிச்சது. வெந்நீர்ல போடாதீங்கன்னு சொன்ன மகராசன் எங்கே கத்துக்கிட்டான்னு இப்ப புரியுது.

இன்னொண்ணையும் நான் யோசிச்சிருக்கணும். நெவாடாவுல ஆட்டத்தை விட்டு எடுக்கிற சிப்பை அப்படியே வெளிய அள்ளி விட முடியாது. அறிவிப்புக் கொடுத்து, கொண்டு வர்றவங்களுக்குக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி, அழிக்கணும், இல்லன்னா அந்த மாநிலத்துச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் ஒத்துக்கிற வேற வழியில அகற்றணும். கான்கிரீட்ல போட்டுப் புதைச்ச கேசினோவும் உண்டு. வெட்டும் துளையும் போட்டு வெளிய வர்றது இதனாலதான். வெட்டில்லாததும் தப்பிச்சு வரும், நானே வாங்கியிருக்கேன். ஆனா ஒரே ஆள்கிட்ட ஒரே தடவைல 1,000 வருதுன்னா ஒரு கேள்வியாவது கேட்டிருக்கணும்.

மறுநாள் அவனுக்கு எழுதினேன். முதல் பதில், "வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்." தராசு படத்தை அனுப்பினேன். "உங்க தராசைச் சரிபாருங்க." காந்தத்துல சிப் தொங்கற படத்தை அனுப்பினேன். "பெட்டியைக் கட்டினது என் மச்சான், அவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்." மூணு நாள் மச்சான் ஊர்லயே இல்லையாம். அப்புறம், "உள்ளது உள்ளபடின்னு விளம்பரத்துலயே போட்டிருக்கேனே." நிஜ சிப்னு கூடத்தான்டா போட்டிருக்க! அதுக்கு பதில் இல்ல, பிளாக்.

தளத்துக்குப் புகார் கொடுத்தா, "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், பணம் எங்கள் வழியாகச் செல்லவில்லை"ன்னு இயந்திரம் பதில் சொல்லுது. பணம் அனுப்பற செயலிக்காரங்க, நீங்க நண்பருக்குத்தானே அனுப்பியிருக்கீங்க, பொருள் வாங்கினதா பதிவே இல்லையேங்கறாங்க. நண்பராம். அவங்க இவங்களைக் கேளுங்கறாங்க, இவங்க அவங்களைக் கேளுங்கறாங்க. நடுவுல என் 840 டாலர். அவன் புது விளம்பரத்தைப் பத்தியும் புகார் கொடுத்தேன், "பரிசீலித்தோம், விதிமீறல் இல்லை"ன்னு பத்தே நிமிஷத்துல முடிச்சுட்டாங்க.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப எழுதற நிலைமைல இல்ல. அவசரத்துக்கு இவ்வளவுதான். நண்பருக்கு அனுப்பற வழியில காசு அனுப்பாதீங்க, கமிஷன் போனாப் போகட்டும். ரேக் படத்தை நம்பாதீங்க, ஒவ்வொரு ரேக்ல இருந்தும் நீங்க சொல்ற எண்ணுல ஒரு சிப்பை உருவி, முகத்தைக் காட்டி, தராசுல வச்சு வீடியோ கேளுங்க. 11.5, 13.5, 14 கிராம்னு வந்தா பெரும்பாலும் வில்லை வச்ச பிளாஸ்டிக்தான். கூடவே காந்தத்தையும் வைக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா விட்டுடுங்க. அப்புறம், அந்த விளம்பரப் படத்துல முன்னாடி கிடக்கிற பச்சை சிப் ஒண்ணுல ஓரம் பிறை மாதிரி உடைஞ்சிருக்கும். அதைப் பார்த்தா அது இந்த ஆளுதான், பதிலே போடாதீங்க.