ஆன்லைனில் கிட்டார் கற்க: பதிவுப் பாடமா, ஆப்பா, நேரலை வகுப்பா?

அகூஸ்டிக் கிட்டார் வாங்கியாகிவிட்டது, பக்கத்தில் தோதான வகுப்பு இல்லை, ஆன்லைனில்தான் கற்க வேண்டும் என்றால் கண்முன் இருப்பவை மூன்று வழிகள். ஜஸ்டின் கிட்டார் போன்ற வரிசைப்படுத்தப்பட்ட இலவசப் பதிவுப் பாடம் ஒன்று. யூசிஷியன் போல நாம் வாசிப்பதை மைக் வழியாகக் கேட்டு மதிப்பெண் போடும் ஆப் இன்னொன்று. ஜூமிலோ கூகுள் மீட்டிலோ ஒரு ஆசிரியரிடம் தனியாகக் கற்பது மூன்றாவது. நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன், ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு மட்டும். அதன்பின் மாதாமாதம் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

பத்துப் பதினைந்து பேரை ஒரே ஜூமில் உட்கார வைக்கும் குழு வகுப்பை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. எல்லோரும் மியூட்டில் இருக்க, ஆசிரியர் ஒருவர் மட்டும் வாசித்துக் காட்டினால் அதுவும் பதிவுப் பாடம்தான். நடுவில் நிறுத்தி, திருப்பிப் பார்க்கும் வசதி மட்டும் அதில் இருக்காது.

செலவில் பதிவுப் பாடம்தான் மலிவு, நேரலைக்குத்தான் அதிகம் ஆகும். நேரம் நம் கையில் இருப்பது முதல் இரண்டில். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் நேரலையில் எளிதாகக் கிடைக்கும். இவையெல்லாம் யாருக்கும் தெரிந்தவை.

பதிவுப் பாடத்தில் ஜஸ்டின் கிட்டாரைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் அதன் வரிசை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணிபுரிந்த ஜஸ்டின் சாண்டர்கோ 2003இல் தொடங்கிய தளம் அது. எந்த கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) முதலில், எது அடுத்து, எந்த நிலையில் எதைத் தொடக் கூடாது என்பதைத் தெளிவாக அடுக்கியிருக்கிறார். யூடியூபில் பாட்டுப் பாட்டாகத் தேடிக் கற்பவர்கள் தடுமாறுவது இந்த வரிசை இல்லாததால்தான். முதல் வாரமே பிடித்த பாட்டைத் திறந்தால் அதில் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டிய எஃப் பார் கார்ட் நிற்கும், அத்தோடு கிட்டார் மூலைக்குப் போய்விடும். ஒரு நிமிடத்தில் இரண்டு கார்டுகளுக்கு இடையே எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணும் பயிற்சி அவர் பாடத்தில் உண்டு. இலக்கு 60 மாற்றம். தொடக்கக்காரர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஐந்து நிமிடப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. எந்த வழியில் கற்றாலும் இதைச் செய்யுங்கள்.

ஆப்பின் பலம் தாளத்தில். திரையில் சுரங்கள் ஓடி வரும், அந்த நொடியில் வாசிக்காவிட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இடது கை கார்ட் மாற்றும்போது வலது கை நின்றுவிடுவது எல்லாத் தொடக்கக்காரர்களிடமும் உள்ள குறை. வாசிப்பவருக்கு அது காதில் விழாது, ஆப் பிடித்துவிடும். ஆனால் ப்ளூடூத் இயர்போனை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். ஒலி காதுக்கு வரவே 150 முதல் 200 மில்லி விநாடி வரை தாமதமாகலாம், நீங்கள் சரியாக வாசித்தாலும் ஆப் தப்பென்று சொல்லும். வயர் உள்ள இயர்போன் போதும். மின்விசிறியும் மிக்ஸியும் ஓடும் அறையில் மைக்கை நம்பவும் முடியாது. இன்னொரு சிக்கல், ஓடும் திரையைப் பார்த்தே பழகியவர்கள் திரை இல்லாமல் ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசிக்கத் திணறுவார்கள். கண் செய்யும் வேலையைக் காது கற்றுக்கொள்வதில்லை.

முடிவைத் தீர்மானிப்பது வேறு ஒன்று. கை வைக்கும் முறையில் உள்ள பிழையை யார் கண்டுபிடிப்பார்கள் என்பதுதான் அது.

சி மேஜர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளைக் கீழே இருக்கும் மெல்லியதிலிருந்து எண்ண வேண்டும். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை. மோதிர விரல் ஐந்தாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட். மூன்றாம் கம்பியும் முதல் கம்பியும் திறந்து ஒலிக்க வேண்டும். ஆறாவதை அடிக்கக் கூடாது. தொடக்கக்காரரின் ஆள்காட்டி விரல் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து, கீழே இருக்கும் முதல் கம்பியைத் தொட்டுவிடும். அந்தக் கம்பி 'டப்' என்று செத்துப்போகும். நடுவிரலும் சாய்ந்தால் மூன்றாம் கம்பியும் போய்விடும்.

இதை ஆப் கண்டுபிடிக்குமா? சி மேஜருக்கு வேண்டியவை சி, ஈ, ஜி என்ற மூன்று சுரங்கள். முதல் கம்பி தருவது ஈ. அதே ஈ ஒரு ஸ்தாயி கீழே நான்காம் கம்பியிலும் இருக்கிறது. ஆகவே முதல் கம்பி செத்தாலும் மூன்று சுரங்களும் மைக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஆப் பெரும்பாலும் சரி என்றே காட்டும். பதிவுப் பாடத்தில் ஆசிரியர் 'ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பாருங்கள்' என்பார். அந்த அறிவுரை சரியானது. தட்டினால் கம்பி ஒலிக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும், ஏன் ஒலிக்கவில்லை என்பதுதான் தெரியாது. உடனே எல்லோரும் செய்வது இன்னும் பலமாக அழுத்துவது. பிழை அழுத்தத்தில் இல்லை. கட்டைவிரல் கழுத்தின் மேல்விளிம்பில் ஏறி உள்ளங்கை கழுத்தோடு ஒட்டிக்கொண்டதால் விரல்கள் வளைய இடமில்லாமல் படுத்துவிட்டன. கட்டைவிரலை நடுவிரலுக்கு நேர் பின்னால் இறக்கி, மணிக்கட்டை ஒரு சென்டிமீட்டர் முன்னுக்குத் தள்ளினால் முதல் கம்பி திறந்துகொள்ளும். பார்ப்பவர் ஒருவர் இருந்தால் இது அரை நிமிட வேலை. இல்லாவிட்டால் பலமாக அழுத்தியே பழகி, மணிக்கட்டு வலியோடு மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். அந்தப் பழக்கத்தைப் பிறகு கழற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். கார்ட் மாற்றும் வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுபோவதும் பெரும்பாலும் இதனால்தான்.

விரல் இப்படிப் பழகிப்போவது முதல் இரண்டு மூன்று மாதத்தில். ஆசிரியரின் கண்ணுக்குக் காசு கொடுப்பதென்றால் அப்போதே கொடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நேரலைக்கும் பெரிய குறை உண்டு. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. இருவர் ஒன்றாக வாசிக்கத் தாமதம் ஏறக்குறைய 30 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி வந்து சேர ஆகும் நேரம் அது. வீடியோ அழைப்பில் ஒரு பக்கத்துக்கே 100 முதல் 200 வரை ஆகிவிடும். 80 பி.பி.எம். (நிமிடத்துக்கு 80 தட்டு) வேகத்தில் ஒரு தட்டுக்கு 750 மில்லி விநாடி. ஆசிரியர் வாசிப்பது உங்களுக்கு 200 தாமதமாக வருகிறது, அதோடு சேர்ந்து நீங்கள் வாசிப்பது இன்னொரு 200 தாமதமாக அவருக்குப் போகிறது. அவர் காதில் நீங்கள் அரைத் தட்டுக்கு மேல் பின்தங்கியிருப்பீர்கள். ஆகவே தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் உங்கள் பக்கத்தில் மட்டும் ஓட வேண்டும். நீங்கள் வாசிக்க வேண்டும், அவர் கேட்க வேண்டும். சோதனை வகுப்பில் 'என்கூடச் சேர்ந்து வாசிங்க' என்று சொல்லும் ஆசிரியர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் ஆன்லைனில் கற்பித்துப் பழகவில்லை என்று பொருள்.

இன்னொரு குறையைச் சரிசெய்துவிடலாம். ஜூம் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. நீண்டு ஒலிக்கும் கிட்டார் நாதத்தை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். ஆடியோ அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்கி, அழைப்புக்குள் போனதும் திரையில் அது 'ஆன்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இயர்போன் போட்டிருந்தால் எதிரொலி நீக்கத்தையும் அணைத்துவிடலாம். கூகுள் மீட் என்றால் நாய்ஸ் கேன்சலேஷனை அணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுக்கும் வகுப்பில் உங்கள் மூன்றாம் கம்பி செத்ததா, ஜூம் கொன்றதா என்று ஆசிரியருக்கே தெரியாது.

கேமராவும் முக்கியம். ஃபோனை நெஞ்சு உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளி, கிட்டாரின் தலைப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு கையும் தெரிய வேண்டும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் கை கறுத்துவிடும். கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் இருப்பதால் எந்தக் கோணத்திலும் முழுதாகத் தெரியாது. நல்ல ஆசிரியர் பாதி வகுப்பில் 'கொஞ்சம் திரும்பி உட்காருங்க' என்று கேட்பார். கேட்கிறாரா என்று கவனியுங்கள், அவரைத் தேர்வு செய்ய அதுவே போதுமான அடையாளம்.

வாரம் ஒரு வகுப்பு, 30 முதல் 40 நிமிடம். இரண்டு தேவையில்லை, நடுவில் விரல் பழக நாள் வேண்டும். அதற்குப் பதில் வார நடுவில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதில் தாமதமும் இல்லை, ஒலி வெட்டும் இல்லை, ஆசிரியர் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். சொல்லப்போனால் நேரலை வகுப்பைவிடத் துல்லியமாகப் பிழை பிடிபடுவது இந்த வீடியோவில்தான். அனுப்பக் கூடாது என்பவரிடம் சேர வேண்டாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டணம் கேட்டாலும் சேர வேண்டாம், மாதாமாதம் கட்டுங்கள். ஆப்புகளின் வருடச் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்வது வழக்கம் என்பதால் அங்கும் கவனம் தேவை.

ஆசிரியரின் கண் உதவும் இன்னோர் இடம் கிட்டாரே. விலை குறைந்த கிட்டார்களில் கம்பி உயரமாக நிற்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஃப்ரெட்டின் மேலிருந்து ஆறாம் கம்பியின் அடிவரை 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு 2 என்ற அளவில் இருந்தால் நல்லது. மூன்றரையைத் தாண்டினால் விரல் வலி மட்டுமல்ல, அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். டியூனரில் சரியாக இருந்த கிட்டாரில் கார்ட் பிடித்தால் அபசுரமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் மரம் உப்பிக் கம்பி இன்னும் உயரலாம். கடையில் கொடுத்துக் கம்பி உயரத்தைச் சரிசெய்யும் செட்டப் செய்யச் சொல்லி, 10-47 அளவு மெல்லிய கம்பி போட்டுக்கொண்டால் முதல் மாத வலி நன்றாகவே குறையும். பதிவுப் பாடம் இதைச் சொல்லும், ஆனால் உங்கள் கிட்டாரைப் பார்த்துச் சொல்லாது.

தமிழ்ப் பாட்டு வாசிக்கவே கிட்டார் எடுத்தவர்களுக்கு இன்னொன்று. மேலை நாட்டுத் தொடக்கப் பாடங்கள் 4/4இல், அதாவது நான்கு தட்டுத் தாளத்தில் ஆரம்பித்து நெடுநாள் அதிலேயே நிற்கும். நம் சினிமா மெலடிகளில் திஸ்ர நடையில், அதாவது 6/8இல் போகும் பாட்டுகள் ஏராளம். 4/4 ஸ்ட்ரம்மிங்கை அதன்மேல் போட்டால் பாட்டு தடுக்கி விழும். ஆசிரியரிடம் இரண்டாம் மாதமே கேளுங்கள். 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டு ஆறும் கீழ்நோக்கிய அடியாக, ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம் கொடுத்து 60 பி.பி.எம். வேகத்தில் தொடங்கினால் போதும். மேல்-கீழ் மாற்றி அடிப்பதை அவசரப்பட்டு ஆரம்பித்தால் நான்காவது அழுத்தம் மேல்நோக்கிய அடியில் விழும், தொடக்கத்தில் அது வராது.

இந்த மூன்று மாதக் கணக்கு ஸ்டீல் கம்பி அகூஸ்டிக் கிட்டாருக்கு. நைலான் கம்பியில் கிளாசிக்கல் கற்று ட்ரினிட்டி கிரேடு தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு மூன்று மாதம் போதும் என்று சொல்லத் துணிய மாட்டேன், அங்கே வலது கை விரல் வேலையே தனிப் படிப்பு. ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எந்த ஆன்லைன் வழியையும் நான் முதலில் சொல்ல மாட்டேன். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து வைக்க வேண்டிய வயது அது.

மற்றவர்கள் நேரலையை எப்போது நிறுத்தலாம்? டியூனரைப் பார்த்து நீங்களே ஐந்து நிமிடத்துக்குள் சுருதி சேர்த்துவிட வேண்டும். ஜி, சி, டி, ஈ மைனர் நான்கும் அந்தந்த கார்டில் அடிக்க வேண்டிய எல்லாக் கம்பியும் ஒலிக்க விழ வேண்டும். 80 பி.பி.எம்.மில் இந்த நான்கையும் சுற்றிச் சுற்றி இரண்டு நிமிடம் வலது கை நிற்காமல் வாசிக்க வேண்டும். தினமும் காலை மாலை பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் இது வந்துவிடும். வந்ததும் இலவசப் பதிவுப் பாடத்துக்கு மாறி, அதன் வரிசையை முதலிலிருந்து பின்பற்றுங்கள். தெரிந்த பாடங்கள் வேகமாகக் கடந்துவிடும். எஃப் பார் கார்ட் வரும் இடத்தில் மட்டும் பழைய ஆசிரியரிடம் மறுபடி இரண்டு வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலின் சதைப்பகுதியால் அழுத்தாமல், கட்டைவிரல் பக்கம் இருக்கும் எலும்புவிளிம்பைச் சற்றே உருட்டி வைக்க வேண்டும். எவ்வளவு உருட்டுவது என்பது ஒவ்வொரு விரலுக்கும் வேறு, அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.