ஏற்காட்டுப் பனியில கழுகு எடுக்க: 200-500 ஜூமா, 500 பிரைமா?

பருந்து, கழுகு, வல்லூறுன்னு கிட்டத்துல போட்டோ எடுக்கணும்னு ஆசை வந்து, கைல நிக்கான் கேமரா பாடியும் இருந்துட்டா கடைசில எல்லாரும் வந்து நிக்கற கேள்வி இதுதான்: 200ல இருந்து 500 மி.மீ வரைக்கும் இழுக்கற 200-500 ஜூம் லென்ஸா, இல்ல ஜூமே ஆகாம 500லயே நிக்கற பிரைம் லென்ஸா? நான் ரெண்டு சீசன் கூட்டாளியோட 200-500அ வாங்கி வெச்சு எடுத்தேன், அப்பறம் செகண்ட் ஹேண்ட்ல அந்த 500 பிரைம், அதாவது 500 பிஎஃப் ஒண்ணு எடுத்துட்டேன். ரெண்டுமே டி500 பாடில, சேலம் ஏற்காடு மேட்டூர் இதுக்குள்ளயே ஓட்டுனது. என் சாய்வு 500 பிஎஃப் பக்கம், அத முதல்லயே சொல்லிடறேன்.

எல்லாருக்கும் தெரிஞ்சத சீக்கிரம் முடிச்சுடலாம். ரெண்டும் அதிகபட்சமா தொறக்கறது எஃப் 5.6 தான், அதனால உள்ள வர்ற வெளிச்சத்துல வித்தியாசம் இல்ல. ஜூம் 2015ல வந்தது, 2300 கிராம். பிஎஃப் 2018ல வந்தது, 1460 கிராம். புதுசா வாங்கறப்ப வெலை பிஎஃப் கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கா இருந்துச்சு, அதான் வலிக்கற எடம். ஷார்ப்னெஸ் பத்தி நெறைய சண்டை போடறாங்க, என் கண்ணுக்கு 500ல வெச்சு எடுத்தா பிஎஃப் கொஞ்சம் மேல, ஆனா அதுக்காக மட்டும் இவ்ளோ காசு குடுக்க வேண்டியதில்ல.

ஜூம் ஜெயிக்கற எடம் ஒண்ணு இருக்கு, அத மறைக்கக் கூடாது. சேலம் மூக்கனேரி கரைல நின்னீங்கன்னா செம்பருந்து தண்ணில எதையோ தூக்கிட்டு நேரா தலைக்கு மேல வரும். டி500ல சென்சார் சின்னது, அதனால 500 போட்டா 750க்கு உண்டான குறுகுன பார்வைதான் கெடைக்கும், எறக்கை ரெண்டும் வெட்டுப்பட்டுடும், ஜூமா இருந்தா சட்டுனு 300க்கு இழுத்துக்கலாம். இன்னொண்ணு, பிரைம் வாங்குன புதுசுல வியூஃபைண்டர்ல பறவையக் கண்டுபுடிக்கறதுக்குள்ளயே அது போயிடும். எனக்குக் கை பழக ரெண்டு மாசம் ஆச்சு.

ஆனா மலைல கதையே வேற. குப்பனூர் வழியா ஏறுனீங்கன்னா காப்பித் தோட்டத்துக்குள்ள நெழலுக்கு வெச்ச சில்வர் ஓக், அதுல மிளகுக்கொடி, அந்த மரத்துல பாம்புக்கழுகு காலைல எறக்கைய லேசா விரிச்சு வெயில் காஞ்சுட்டு உக்காந்திருக்கும். கார்ல இருந்தா பெரும்பாலும் கண்டுக்காது, கதவத் தொறந்து கால கீழ வெச்சா போச்சு. அதனால காரே மறைப்பு, கண்ணாடிய எறக்கி அது மேல பீன்பேக் வெச்சு எடுக்கறதுதான் (என்னோடது பழைய பேன்ட் கால வெட்டித் தெச்சு, ஜவ்வரிசிய கவர்ல கட்டி உள்ள அடைச்சது, சேலத்துக்காரனுக்கு வேற என்ன கெடைக்கும்). ஆல்டோ சீட்ல உக்காந்துட்டு, பாடியோட சேர்த்து மூணு கிலோவுக்கு மேல இருக்கற ஜூம திருப்பறப்ப முன்கண்ணாடி, ஸ்டியரிங், பக்கத்துல இருக்கறவர் தோளுன்னு எதுலயாவது இடிக்கும், அந்த அசைவு ஒண்ணே போதும் கழுகு எந்திரிக்க. பிஎஃப் மாட்டுனா பாடியோட சேர்த்து 2320 கிராம், நீளமும் கம்மி, ஒரு கைல தூக்கி வெச்சுடலாம். பன்னெண்டு பதிமூணு மீட்டர்ல அது மஞ்சக் கண்ணால என்னைய பாத்துட்டே இருந்த படம் அப்டித்தான் கெடைச்சுது.

இதெல்லாம் இருந்தாலும் நான் காசு குடுத்தது ஒரே காரணத்துக்காக. ஈரம்.

முன்னாடி வேறொரு கம்பெனி பழைய ஜூம் ஒண்ணு வெச்சிருந்தேன், பேர் வேண்டாம். மூணு மழைக்காலம் ஏற்காட்டுக்கும் வீட்டுக்கும் அலைஞ்சுது, ஒரு நாள் டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள நடு கண்ணாடில செலந்தி வலை மாதிரி பூஞ்சை. கோட்டிங்க அரிச்சிருச்சு, தொடைச்சாலும் தடம் போகல, வித்தப்ப பாதி வெல கூட வரல. அன்னைக்கு வயிறு எரிஞ்சது இன்னும் மறக்கல.

ஏன் இப்டி ஆச்சுன்னா, 200-500 மாதிரி ஜூம் பண்ணா நீளற லென்ஸ் எல்லாம் சைக்கிள் பம்ப் மாதிரிதான் வேல செய்யுது, நீட்டறப்ப உள்ள எடம் பெருசாகி வெளிக்காத்த இழுக்கும், சுருக்கறப்ப விடும். ஏற்காடு பகோடா பாயிண்ட்ல பனி மூடியிருக்கறப்ப நூறு தடவ ஜூம் பண்ணா நூறு தடவ அந்த ஈரக்காத்து கண்ணாடிக்கு நடுவுல போயிட்டு வருது. பிஎஃப் நீளாது, ஃபோகஸ் பண்றது கூட உள்ளுக்குள்ளயேதான், சேர்ற எடத்துல எல்லாம் ரப்பர் சீல் இருக்கு, முன் கண்ணாடில ஃப்ளோரின் கோட்டிங் இருக்கறதால தண்ணித்துளி ஒட்டாம ஓடிடும். சீல் இருந்தா காத்தே போகாதுன்னு அர்த்தம் இல்ல, ஆனா நாமளே பம்ப் அடிச்சு உள்ள ஏத்தறது நின்னுடுது.

அதோட நம்ம ஊரு ஏத்த எறக்கம் வேற. சேலம் 280 மீட்டர் சொச்சம், ஏற்காடு 1500, இருபது கொண்டை ஊசி வளைவுக்குள்ள ஏழெட்டு டிகிரி மாறிடும். மேல குளுந்து போன லென்ஸ கீழ வந்து வெக்கைல டக்குனு வெளிய எடுத்தா ஐஸ் தண்ணி டம்ளர் மாதிரி வேர்த்துடும். அதனால எறங்குன ஒடனே பையத் தொறக்க மாட்டேன், ஒரு மணி நேரம் மூடியே கெடக்கும். ஏறறப்பவும் ஏ.சி.ய அடிவாரத்துலயே நிறுத்திடுவேன். வீட்ல காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ள சின்ன ஈரப்பத மீட்டர் ஒண்ணு, 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும். எந்த லென்ஸா இருந்தாலும் இது கட்டாயம், ஜூம்னா வாரா வாரம் மீட்டரப் பாக்கணும்.

பிஎஃப்ல கொற இல்லாம இல்ல. சூரியன் ஃப்ரேம் கிட்ட வந்தா படத்துல கலர் வளையம் மாதிரி ஒரு ஒளிச்சிதறல் (ஃப்ளேர்) வரும். இன்னும் ஒரு பெரிய மழைக்காலம் முழுசா அதோட ஓட்டல, அதனால பத்து வருஷம் தாங்கும்னு எல்லாம் நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

மலை ஏறாதவங்களா இருந்தா, மேட்டூர் பக்கம் வயக்காட்டுல ஒரே எடத்துல எறக்கை அடிச்சு நிக்கற கருந்தோள் பருந்து மட்டும் போதும்னா, 200-500 தாராளமா வாங்கலாம். சமவெளில ஒம்பதரைக்கு மேல தரைச் சூடு கிளம்பி காத்து நெளியறதுல எந்த லென்ஸும் தூரத்துல இருக்கறத உருப்படியா எடுக்காது, 3000 மி.மீ வரைக்கும் போற பி1000 கேமராவுக்கும் அதே கதிதான். நிக்கானோட மிரர்லெஸ் இசட் பாடி வெச்சிருந்தா இந்தச் சண்டையே வேண்டாம், 2023ல அதுக்குன்னு வந்த 180-600 லென்ஸ் ஜூம் பண்ணா நீளாது, எங்கிட்ட இசட் இருந்திருந்தா அதத்தான் எடுத்திருப்பேன்.

ரெண்டுல எத வாங்குனாலும் பழசுதான் வாங்கறீங்கன்னா ஒரு இருட்டு ரூமுக்குப் போங்க, பின்பக்கத்துல போன் டார்ச்ச அடிச்சு முன்பக்கமா சாய்ச்சுச் சாய்ச்சுப் பாருங்க. தூசி நாலு இருந்தா பரவால்ல. நூல் நூலா கெளை விட்டுப் படர்ந்த மாதிரி எதாவது தெரிஞ்சா எவ்ளோ கொறைச்சுக் குடுத்தாலும் வெச்சுட்டு வந்துடுங்க.